நீர் வடியும் கால் புண்ணுக்கு எந்தக் கட்டு?

(வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



விதை, உரம், பூச்சி மருந்து என்று பேசுகிற விவசாய அலுவலர் இன்றைக்குக் கால் புண்ணைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நம் காணை வட்டாரத்தில் நெல் நடவானாலும், கரும்பு வெட்டானாலும், மல்லாட்டைப் பறிப்பானாலும் வேலை நடப்பது காலை நம்பித்தான். டிராக்டர் வந்துவிட்டது, நடவு மிஷின் வந்துவிட்டது. ஆனாலும் மடை திறக்க வரப்பில் நடந்து போவது மனிதனுடைய கால்தான். அந்தக் காலில் ஆறாத புண் வந்து உட்கார்ந்துகொண்டால், ஒரு போகம் மட்டும் போவதில்லை. சில வீடுகளில் காலே போய்விடுகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் சொல்வதை, நமக்குப் பழக்கமான நிலத்து மொழியில் எடுத்துச் சொல்வதுதான் இந்தப் பேச்சு. புண்ணை ஒரு டாக்டர் பார்த்தபிறகு வீட்டில் நாம் எப்படிக் கவனிக்கணும் என்பதற்கு இது உதவும். டாக்டரைப் பார்க்காமல் இருப்பதற்கு இது உதவாது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஐம்பத்தைந்து வயசு விவசாயி ஒருவர். பத்து வருஷமாகச் சர்க்கரை நோய். கரும்பு வெட்டின கொல்லையில் நடக்கும்போது கட்டை குத்திவிட்டது. வலி பெரிசாகத் தெரியவில்லை, வேலையைப் பார்த்தார். நாலாம் நாள் செருப்பில் ஈரம். வீட்டில் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினார்கள். காலையில் கட்டினது மத்தியானத்துக்குள் நனைந்தது. மருந்துக் கடையில் ஒரு பவுடர் வாங்கித் தூவினார்கள். அது புண் நீரில் ஊறி, காய்ந்த சேற்றுப் பொருக்கு மாதிரி இறுகிக்கொண்டது. பத்து நாளில் புண்ணைச் சுற்றித் தோல் வெளுத்து ஊறிப்போய், புண் முன்னைவிட அகலமாகிவிட்டது. இப்படிப்பட்டவர் ஒவ்வொரு தெருவிலும் ஒருவராவது இருப்பார். இவருக்கு என்ன கட்டு போடணும்? அதற்கு முன்னால், நீர் ஏன் வடிகிறது என்று தெரியணும்.

நீர் ஏன் வடிகிறது?

புண்ணில் கொஞ்சம் நீர் கசிவது கெடுதல் இல்லை. அது உடம்பே அனுப்புகிற தண்ணீர். வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரி லேசான மஞ்சள் நிறத்தில், வாடை இல்லாமல் இருக்கும். புதுச் சதை வளர வேண்டிய சத்தும், கிருமியோடு சண்டை போடுகிற அணுக்களும் அதில்தான் வருகின்றன.

அளவுக்கு மேல் வடிந்தால்தான் தொந்தரவு. ஏன் அப்படி வடிகிறது? புண்ணில் கிருமி பிடித்திருக்கலாம். புண்ணின்மேலேயே மிதித்து நடந்துகொண்டிருக்கலாம். நாள் முழுக்கக் காலைத் தொங்கப் போட்டு வீக்கம் கட்டியிருக்கலாம். காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கலாம். இருதயம், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாமல் உடம்பில் நீர் கோத்திருக்கலாம். ஆகவே "நீரை நிறுத்த என்ன மருந்து?" என்று கேட்பதைவிட, "இவ்வளவு நீர் எங்கிருந்து வருது?" என்று கேட்பதுதான் சரியான கேள்வி. வயலில் தண்ணீர் தேங்கினால் இறைத்துக் கொட்டிக்கொண்டே இருப்போமா? மடை எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்க மாட்டோமா?

இன்னொன்று. நாள்பட்ட புண்ணிலிருந்து வரும் நீர் புதுப்புண் நீர் மாதிரி இல்லை. புதிதாக வளர்கிற சதையையே அரிக்கிற பொருள்கள் அதில் கூடுதலாக இருக்கும். அது சுற்றியிருக்கும் நல்ல தோலின்மேல் தேங்கினால் தோல் ஊறி, வெளுத்து, பிய்ந்துபோகும். நம் உதாரண விவசாயிக்குப் புண் அகலமானது இப்படித்தான்.

புண்ணுக்கும் ஒரு பதம் உண்டு

விதை முளைக்க மண் எப்படி இருக்கணும்? சேறாக இருந்தால் விதை அழுகும். கட்டாந்தரையாக இருந்தால் முளைக்காது. கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கணும், கீழே போட்டால் உதிரணும். அந்தப் பதம்தான் புண்ணுக்கும் வேணும்.

"புண் காய்ந்தால்தான் ஆறும், காற்றாட விடு" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். உலகம் முழுக்க டாக்டர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1962-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் வின்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து பார்த்தார். சிலவற்றைத் திறந்து காயவிட்டார். சிலவற்றை மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி ஈரம் போகாமல் வைத்தார். ஈரம் காத்த காயங்களில் புதுத்தோல் சுமார் இரண்டு மடங்கு வேகத்தில் மூடியது. காய்ந்த காயத்தில் பொருக்குத் தட்டி, புதுத்தோல் அதற்கு அடியில் வழி தேடிக்கொண்டு போகவேண்டியிருந்தது. அன்றிலிருந்துதான் கட்டு பற்றிய எண்ணமே மாறியது.

ஈரம் நல்லது என்றால் வெள்ளமும் நல்லது என்று அர்த்தம் இல்லை. நல்ல கட்டு என்பது வடிகால் உள்ள வயல் மாதிரி. மிஞ்சின தண்ணீரை உறிஞ்சி எடுக்கணும். தேவையான ஈரத்தைப் புண்ணில் விட்டுவைக்கணும். சுற்றியிருக்கும் தோல் உலர்ந்திருக்கணும். அவிழ்க்கும்போது புதுச் சதையைப் பிய்க்கக் கூடாது. இந்த நாலையும் செய்கிற கட்டுதான் நல்ல கட்டு, விலை எதுவாக இருந்தாலும் சரி.

முதலில் மூன்று சோதனை

கட்டைத் தேடுவதற்கு முன்னால் மூன்று விஷயம் தெரியணும்.

முதலாவது, காலில் உணர்ச்சி இருக்கிறதா? வீட்டிலேயே பார்க்கலாம். அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் பட்டும் படாமலும் ஓரிரு விநாடி தொடுங்கள். அழுத்தக் கூடாது, தடவக் கூடாது. ஆறு இடத்தில் இரண்டு இடமாவது அவருக்குத் தெரியவில்லை என்றால் கால் மரத்துப்போயிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இதையே தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையால் குத்திப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, காலுக்கு ரத்தம் வருகிறதா? பாதத்தின் மேல்புறம் நாடி துடிக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். விரல் நீலம் பாய்ந்தோ, சில்லென்றோ இருந்தால், கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால், ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். தண்ணீரே வராத வாய்க்காலில் பயிர் எப்படித் தழைக்கும்? பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த அடைப்பு இன்னும் சீக்கிரம் வரும்.

மூன்றாவது, கிருமி பிடித்திருக்கிறதா? திடீரென்று நீர் அதிகமாவது, சீழ், கெட்ட வாடை, புண்ணைச் சுற்றிச் சிவந்து பரவும் சூடு, வீக்கம், குளிர் காய்ச்சல், காரணம் இல்லாமல் சர்க்கரை ஏறுவது, தோலைத் தொட்டால் நறநறவென்று சத்தம், விரல் கறுப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கட்டு தேடாதீர்கள். வண்டி பிடித்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விழுப்புரம் பக்கத்தில் முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. "அறுப்பு முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிற அந்த ஒரு வாரத்தில்தான் கால் போகிறது. காலை எடுக்க நேர்ந்த சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்தில் இருந்தது ஒரு சின்னப் புண்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விரல் கறுத்து, காய்ந்து, நீரே வடியாமல் இருந்தால் அதை ஈரக்கட்டு போட்டு ஊறவைக்கக் கூடாது. உலர்ந்த துணியால் மூடி அப்படியே டாக்டரிடம் போகணும். நான் இப்போது சொல்லப்போகிற கட்டெல்லாம் நீர் வடிகிற புண்ணுக்குத்தான்.

என்னென்ன கட்டு, எதற்கு எது?

வெறும் காஸ் துணி: எல்லா இடத்திலும் கிடைப்பது. கொஞ்சமாக நீர் வடிகிற புண்ணுக்குப் போதும். அதிகமாக வடிந்தால் சீக்கிரம் ஊறிவிடும். காய்ந்தால் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பிய்க்காதீர்கள். உப்பு நீர் விட்டு ஊறவைத்து மெல்ல எடுங்கள். வெறும் பஞ்சைப் புண்ணின்மேல் நேராக வைக்கவே கூடாது. அதன் இழை புண்ணில் மாட்டிக்கொள்ளும்.

வாசலின் ஏற்றிய வலைத்துணி: பாரஃபின் காஸ் என்று மருந்துக் கடையில் கேட்டால் தருவார்கள். இது நீரை உறிஞ்சாது, ஆனால் ஒட்டாது. கண் கண்ணாக இருக்கும் துணி வழியாக நீர் மேலே ஏறி, அதன்மேல் வைக்கிற பேட் அதைக் குடித்துக்கொள்ளும். இது அடித்துணி, அவ்வளவுதான். ஒரே ஒரு மடிப்பு வையுங்கள். நாலாக மடித்தால் கண் அடைத்து நீர் அடியிலேயே தேங்கும்.

கேம்ஜி பேட்: இரண்டு காஸ் துணிக்கு நடுவே தடிமனாகப் பஞ்சு வைத்தது. 1880-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் கேம்ஜி என்ற சர்ஜன் உண்டாக்கியது. அவர் பெயராலேயே இன்றும் நர்சுகள் கேட்கிறார்கள். அதிகமாக நீர் வடிகிற புண்ணுக்கு நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் கைகொடுப்பது இதுதான். அடியில் வாசலின் வலைத்துணி, மேலே கேம்ஜி, அதன்மேல் சுற்றுத்துணி. நம் உதாரண விவசாயிக்கு முதல் கட்டாக இதுவே போதும்.

பாசிக் கட்டு: ஆல்ஜினேட் என்று பெயர். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்துக் கடலில் பழுப்புப் பாசி எடுப்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பயிருக்குத் தெளிக்கிற பாசிச் சாறும் கடலில் விளைகிற பாசியிலிருந்துதான் வருகிறது. பழுப்புப் பாசியிலிருந்து எடுக்கிற ஆல்ஜினேட் என்ற பொருளை நாராக்கிச் செய்ததே இந்தக் கட்டு. புண் நீர் பட்டதும் நார் கூழாக மாறி, நீரைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும். குழியாக இருக்கிற, நிறைய வடிகிற புண்ணுக்கு நல்லது. நீர் குறைந்த புண்ணுக்கு வைத்தால் இருக்கிற ஈரத்தையும் இழுத்து, காய்ந்து ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ஒரு பேட் கட்டாயம் வேணும்.

நுரைக் கட்டு: ஃபோம் என்பார்கள். மெத்தை மாதிரி இருக்கும். ஓரளவிலிருந்து நிறைய வரை வடிகிற புண்ணுக்கு ஏற்றது. தோல் தாங்கினால், கட்டு நிறையவில்லை என்றால், இரண்டு மூன்று நாள்கூட வைக்கலாம்.

மிகை உறிஞ்சிக் கட்டு: வறட்சிக்கு மண்ணில் கலக்கிற குருணை ஒன்று உண்டு. புதுடெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா ஹைட்ரோஜெல் அந்த வகைதான். தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடித்து உப்பிக்கொள்ளும். குழந்தைக்குக் கட்டுகிற டயாபரிலும் இந்தக் குடும்பத்துப் பொருள்தான் இருக்கிறது. அதையே மருத்துவ முறையில் சுத்தமாகச் செய்து பேடுக்குள் வைத்ததுதான் இந்தக் கட்டு. ஒரு நாளைக்கு மூன்று தடவை மாற்றவேண்டிய அளவுக்கு வடிகிறவர்களுக்கு இது உதவும். வயலுக்கு வாங்கின குருணையை யாரும் புண்ணில் போட்டுவிடாதீர்கள்! அவசரத்துக்கு, புதிதாகப் பிரித்த நாப்கினை வெளி அடுக்காக வைக்கலாம். புண்ணில் நேராகப் படக்கூடாது, அடியில் வலைத்துணி இருக்கணும்.

ஒட்டுத்தாள் கட்டு: ஹைட்ரோகொலாய்டு என்று சொல்லும், தோலோடு ஒட்டிக்கொள்கிற கட்டு. இது கொஞ்சமாகக் கசிகிற, கிருமி இல்லாத புண்ணுக்கு மட்டும்தான். நிறைய வடிகிற பாதப் புண்ணுக்கு வேண்டாம். நீர் அடியில் தேங்கி ஓரத்தை அழுகவைக்கும்.

இப்போது ஒரு முக்கியமான செய்தி. சர்க்கரைப் புண்ணுக்கு வழிகாட்டுகிற சர்வதேச மருத்துவர் குழு 2023-இல் வெளியிட்ட பரிந்துரையிலும், நீரை உறிஞ்சி ஈரப்பதம் காக்கிற சாதாரணக் கட்டே அடிப்படை என்றுதான் இருக்கிறது. கிருமிநாசினி ஏற்றிய கட்டு, தேன் கட்டு போன்றவற்றைப் புண் சீக்கிரம் ஆறணும் என்பதற்காக மட்டும் போடவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே, கடையில் யாராவது "இது ஃபாரின் சரக்கு, ஒரே வாரத்தில் ஆறிடும்" என்றால், நகையை அடகு வைக்க ஓடாதீர்கள். வடிகிற நீருக்கு ஏற்ற கட்டாக இருந்தால் சாதாரணக் கட்டே போதும். அந்தப் பணத்தில் இன்சுலினும் நல்ல செருப்பும் வாங்கலாம்.

எப்போது மாற்றணும்?

"தினம் ஒரு தடவை" என்று எல்லோருக்கும் ஒரே கணக்கு கிடையாது. கட்டின் மேல் துணியில் ஈரக்கறை தெரிந்துவிட்டால், அல்லது ஈரம் பேடின் ஓரத்தைத் தொட்டுவிட்டால், உடனே மாற்றணும். உள்ளேயிருந்து நீர் வெளியே வரும் வழி, வெளியேயிருந்து கிருமி உள்ளே போகும் வழியும்தான். நிறைய வடிகிற புண்ணுக்கு ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவைகூட மாற்றவேண்டியிருக்கும். ஆற ஆற நீர் குறையும். அப்போது கட்டையும் மாற்றணும். வெள்ளத்துக்கு வெட்டின வடிகாலைக் கோடையிலும் திறந்து வைத்தால் பயிர் காய்ந்துபோகும் இல்லையா?

கட்டு சரியா, தப்பா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. அவிழ்க்கும்போது மூன்று இடம் பாருங்கள். பேட் முழுக்க ஊறி, சுற்றுத் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தால், கட்டுக்கு உறிஞ்சும் சக்தி போதவில்லை, அல்லது மாற்றத் தாமதம். பேட் காய்ந்து, துணி புண்ணில் ஒட்டியிருந்தால், உறிஞ்சுவது அதிகம். பேட் நடுவில் மட்டும் ஈரம், புண் சிவப்பாகப் பளபளப்பு, சுற்றுத் தோல் உலர்ந்திருக்கிறது என்றால், பதம் சரி. அதையே தொடருங்கள்.

கட்டு மாற்றும் முறை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரை லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, தலை தட்டின ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு, மூடி ஆறவையுங்கள். அன்றன்றைக்குப் புதிதாகச் செய்யணும். அதைப் புண்ணின்மேல் ஊற்றிக் கழுவுங்கள். காலைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். வெந்நீர் கூடவே கூடாது. மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்து போகும்.

சுற்றுத் தோலைச் சுத்தத் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். புண்ணின் ஓரத்துத் தோலில் துத்தநாகக் களிம்போ வாசலினோ மெல்லிசாகத் தடவினால், ஈரம் தோலில் இறங்காது. வரப்புக்குச் சேறு பூசி அணைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் இடுக்கில் களிம்பு வேண்டாம். அங்கே ஒரு காஸ் துண்டை மெல்லிசாக மடித்து விரலைப் பிரித்து வைத்தால் போதும்.

குழிப் புண்ணில் துணி வைப்பதாக இருந்தால் நர்சு காட்டிக்கொடுத்த மாதிரி தளர்வாக வையுங்கள். ஒரு முனை வெளியே தெரியணும். எத்தனை துண்டு வைத்தோமோ அத்தனையும் எடுத்தோமா என்று எண்ணுங்கள். சுற்றுத்துணியை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் நுனிகள் வெளியே தெரியணும். நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு உடனே திரும்பணும். திரும்பவில்லை என்றால் கட்டு இறுக்கம். இழுத்துக் கட்டுகிற ரப்பர் பேண்டேஜை டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள். ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கு அது சுருக்குக் கயிறு.

கட்டின்மேல் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு சேற்றில் இறங்குகிறவர்கள் உண்டு. பைக்குள் வியர்த்து, கட்டு ஊறி, புண் அவிந்துபோகும். கட்டு இருக்கும்வரை சேற்று வேலை வேண்டாம். மழையில் நனைந்தால் வீட்டுக்கு வந்ததும் மாற்றுங்கள். காயட்டும் என்று விடாதீர்கள்.

புண்ணில் போடக் கூடாதவை

காபித்தூள், மூக்குப்பொடி, அடுப்புச் சாம்பல், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சாணம். இவையெல்லாம் புண்ணை மூடினதுபோல் தெரியும். அடியில் கிருமியை வளர்க்கும். சாணமும் மண்ணும் பட்ட புண்ணில் தனுர்வாத ஜன்னிக்கும் பயம் உண்டு. தடுப்பூசி போட்டு எத்தனை வருஷம் ஆச்சு என்று டாக்டரிடம் சொல்லுங்கள். நுரைக்கிற பெராக்சைடு, ஸ்பிரிட், டெட்டால் ஆகியவை கிருமியோடு சேர்த்துப் புதுச் சதையையும் சுடும். மஞ்சளும் வேப்பிலையும் நல்ல பொருள்தான், ஆனால் அம்மியில் அரைத்த விழுதில் அம்மியின் அழுக்கும் இருக்கும். மாட்டுக்கு அடிக்கிற புண் ஸ்பிரே, புழுவுக்கு விடுகிற டர்பன்டைன் எல்லாம் மாட்டோடு இருக்கட்டும். மாத்திரையைப் பொடித்தோ, பவுடராகவோ தூவுவதும் வேண்டாம். கிருமி உள்ளே இருந்தால் மருந்தும் உள்ளேதான் போகணும். அதை டாக்டர் தருவார்.

கட்டின்மேல் மிதித்தால் கட்டு வீண்

இனிமேல் சொல்வதுதான் இந்தப் பேச்சில் மிக முக்கியம்.

நம் தமிழ்நாட்டில், கொல்லிமலையில், 1914-ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் பால் பிராண்டு. பாதிரியார் மகன். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் செய்தார். தொழுநோய் சதையையே தின்றுவிடுகிறது, அதனால்தான் பாதத்தில் புண் ஆறுவதில்லை என்று அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். பிராண்டு கவனித்துப் பார்த்தார். அவர்களுடைய சதையும் மற்றவர் சதை மாதிரியே ஆறக்கூடியதுதான். வலி தெரியாததால், புண்ணின்மேலேயே மிதித்து மிதித்து நடக்கிறார்கள். அதனால்தான் ஆறவில்லை என்று கண்டார். காலுக்கு மாவுக்கட்டு போட்டு, பாரம் பாதம் முழுக்கப் பரவும்படி செய்தபோது, வருஷக் கணக்காக ஆறாத புண்களும் ஆறின. ஆறின காலுக்கு மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பரில் செருப்புச் செய்து கொடுத்தார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தருகிறார்களே, அது இந்த வழியில் வந்ததுதான்.

சர்க்கரையால் மரத்த காலுக்கும் இதே கதைதான். உள்ளங்காலில் புண் இருந்து, அதன்மேல் நடந்தால், ஒவ்வோர் அடியும் நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கி நடுவது மாதிரி. வேர் பிடிக்காது. நீரும் நிற்காது. எவ்வளவு உயர்ந்த கட்டானாலும் பயன் இல்லை. "புண் இருக்கு, ஆனா வலி இல்லை" என்று சொல்கிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். வலி இருந்தால் அவரே உட்கார்ந்திருப்பார்.

ஆகவே புண் இருக்கும்போது நடை குறையணும். பாரம் தாங்கும் மாவுக்கட்டோ, தனிச் செருப்போ வேணுமா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். இன்னொரு நுட்பம்: உள்ளங்காலில் தடிமனான பேடை வைத்து, அதன்மேல் இறுக்கமான செருப்பைப் போட்டால், அந்தப் பேடே செருப்புக்குள் கிடக்கிற கல் மாதிரி அழுத்தும். கட்டு தடிமனானால் செருப்பும் அகலமாகணும். உட்காரும்போது காலை நாற்காலியில் நீட்டி வையுங்கள். ஆனால் ரத்த ஓட்டம் குறைவு என்று டாக்டர் சொன்னவர்கள் உயரத் தூக்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளணும்.

ஆறின பிறகும் வெறுங்கால் நடை வேண்டாம், வீட்டுக்குள்ளும்கூட. செருப்பை மாட்டும் முன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு நிற்கும். மரத்த காலுக்கு அது தெரியாது. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம், பேரப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம்.

யானைக்காலும் நரம்புச் சுருட்டலும்

நம் பக்கத்தில் யானைக்கால் வீக்கம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். இந்த நோயையும் ஆராய்கிற ஒரு மத்திய ஆராய்ச்சி மையம் புதுச்சேரியில் 1975 முதல் இருக்கிறது. வீங்கின காலின் மடிப்புகளில் நீர் கசிந்தால், தினம் சோப்புப் போட்டுக் கழுவி, மடிப்பு மடிப்பாக ஒற்றி உலர்த்துவதுதான் முதல் வைத்தியம். விரல் இடுக்கு வெடிப்பு வழியாகத்தான் கிருமி நுழைந்து காய்ச்சலைக் கொண்டுவருகிறது. நரம்பு சுருட்டிக் கணுக்காலுக்கு மேல் வருகிற புண்ணுக்கு அழுத்தக் கட்டுதான் மருந்து. ஆனால் நாடி பார்த்தபிறகு டாக்டர்தான் அதைப் போடணும். நீர் ஒரே மாதிரி வடிந்தாலும் காரணம் வேறு, கட்டும் வேறு.

உள்ளேயும் கவனிக்கணும்

வடிகிற நீரோடு புரதச் சத்தும் போகிறது. முட்டை, பயறு, பருப்பு, மீன் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடணும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கணும். அதற்கு இன்சுலின் போடச் சொன்னால் பயப்படவேண்டாம். இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. இது பட்டணத்து நோய் என்ற பேச்சு பழங்கதை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பதற்காக வந்ததுதான். உங்கள் வீட்டை யாரும் பார்க்கவில்லை என்றால், ஊர் சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே போங்கள்.

கடைசியாக, விதைப்புத் தேதி, உரம் போட்ட தேதி எழுதுகிற நோட்டில் புண்ணுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வாரம் ஒரு நாள் புண்ணின் நீளம், அகலத்தை ஸ்கேலால், புண்ணில் படாமல், அளந்து எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேட் ஊறியது என்றும் குறியுங்கள். பேட் எண்ணிக்கை குறைந்து, நாலு வாரத்தில் புண் பாதியாகச் சுருங்கினால் நல்ல வழியில் போகிறது. சுருங்கவில்லை என்றால் இன்னொரு களிம்பு தேடாமல், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டருக்கு அந்த ஒரு பக்கம் நிறைய செய்தி சொல்லும்.

பயிருக்குத் தண்ணீர் அதிகமானால் வடிகால் வெட்டுகிறோம், குறைந்தால் பாய்ச்சுகிறோம், எங்கே ஓட்டை என்று தேடி அடைக்கிறோம். காலுக்கும் இது மூன்றும் வேணும். நீருக்கு ஏற்ற கட்டு, பாரம் இல்லாத பாதம், கட்டுக்குள் இருக்கிற சர்க்கரை. இந்த சம்பாவுக்கு வரப்பில் நடக்க இரண்டு கால்களும் உங்களுக்கு வேணும்.